சாப்பிட்டால் நேராகிற நடை: குளுட்-1 குறைபாடு பற்றி எளிமையாக

காலையில் எழும்பிய பிள்ளை நாலடி வைப்பதற்குள் தள்ளாடுகிறது. கால்கள் ஒன்றோடொன்று பின்னுகின்றன, கதை குழறுகிறது, தண்ணீர்க் கோப்பையைப் பிடித்த கை நடுங்குகிறது. இரண்டு இடியப்பமும் சொதியும் உள்ளே போய் அரை மணித்தியாலம் ஆனதும் அதே பிள்ளை முற்றத்தில் பந்தடிக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்கப் போடும் நாடகம் என்பார் தகப்பன். கண்ணூறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவார் அம்மம்மா. ஏற்கெனவே வலிப்புக்கு மருந்து எடுக்கிற பிள்ளை என்றால், இதுவும் ஒரு வலிப்புத்தான் என்று மருந்தைக் கூட்டுவதும் நடக்கும்.

இந்த மூன்று முடிவும் பிழையாகிப்போகிற ஒரு நோய் இருக்கிறது. குளுட்-1 குறைபாடு என்று சொல்வார்கள். மரபணுவில் வரும் கோளாறு, மிக அரிது. டென்மார்க்கில் 83,000 பிறப்புக்கு ஒன்று என்று கணித்தார்கள். ஸ்கொட்லாந்தில் சின்ன வயதிலேயே வலிப்பு வந்த பிள்ளைகளைத் தேடிச் சோதித்தபோது கிட்டத்தட்ட 24,000க்கு ஒன்று என்று வந்தது. தேடினால் கூடுதலாக அகப்படுகிறது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். இவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி எதற்கு இவ்வளவு எழுத வேண்டும் என்றால், பிள்ளைகளுக்கு வரும் மரபணு வலிப்பு நோய்களில் காரணத்துக்கே நேரடியாக வைத்தியம் உள்ளவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. இது அவற்றில் ஒன்று. காட்டிக்கொடுப்பதோ பல வேளை வலிப்பைவிட இந்த விசித்திரமான அசைவுகள்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளையின் முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். வளர்ந்த ஒருவரின் மூளை உடல் எடையில் 2 வீதம் அளவுதான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 வீதம் அதற்கே போகிறது. பிள்ளையின் கணக்கு இன்னும் பெரிது: ஐந்து வயதளவில் அது 40 வீதத்தைத் தாண்டும். இந்தக் குளுக்கோஸ் இரத்தத்திலிருந்து தன்பாட்டில் மூளைக்குள் போய்விடாது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் மிக இறுக்கமானது. அந்தச் சுவரில் பதிந்திருக்கும் ஒரு புரதம் குளுக்கோஸை ஏற்றி மறுபக்கம் இறக்கிவிட வேண்டும். அந்தப் புரதத்தின் பெயர்தான் குளுட்-1.

திருகோணமலைக்குப் பக்கத்தில் 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன், நீரைக் கடக்க ஆட்களையும் சாமானையும் ஏற்றிச் செல்லும் மிதவையான 'பாதை'க்குக் காத்து நின்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இக்கரைச் சந்தையில் அரிசி மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கலாம். ஓடுகிற பாதைகளில் பாதி பழுதென்றால் அக்கரைக் கடையில் சாமான் இராது. இந்தப் பிள்ளைகளின் இரத்தத்தில் சீனி பார்த்தால் சரியாகவே இருக்கும், தட்டுப்பாடு மூளைக்குள்தான். ஏன் பாதி? குளுட்-1ஐச் செய்யும் மரபணுவுக்கு எஸ்எல்சி2ஏ1 என்று பெயர். எல்லாரிடமும் அதில் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதானால் புரதம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இரண்டும் முழுதாகப் பழுதானால் கரு வளர்ந்து பிறப்பதே நடவாத காரியம்.

காலைப் பட்டினியில் ஏன் மோசமாகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் இக்கரையிலேயே சரக்குக் குறைகிறது. ஓடுகிற பாதி பாதைகளும் அரைகுறையாகத்தான் நிரம்பிப் போகும். நீண்ட தூரம் நடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பயந்து அழுதாலோ அக்கரையில் தேவை கூடுகிறது. அனுப்புகிற அளவை அதற்கேற்றபடி கூட்ட வழியில்லை.

இந்த நோயை முதலில் விவரித்தவர் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டரில் டி விவோ. 1991இல் அவரும் சகாக்களும் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். மருந்துக்கு அடங்காத வலிப்பு, இரத்தச் சீனி சரி, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் முள்ளந்தண்டு நீரில் மட்டும் சீனி மிகக் குறைவு. 1998இல் மரபணுப் பழுது உறுதியானது. அன்றைக்கு இதை முழுக்க வலிப்பு நோயாகவே பார்த்தார்கள். அசைவுகளின் கதை பிறகு மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது.

அந்த அசைவுகளில் மிகச் சீக்கிரம் தெரிவது கண்ணில். ஆறு மாதம்கூட ஆகாத கைக்குழந்தை விழித்துக்கொண்டு கிடக்கிறது. திடீரென்று இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு பக்கம் வெட்டி இழுபடும். அதே பக்கம் தலையும் திரும்பும். ஒரு கணம் நிற்கும். பிறகு வேறு திசை, மேலே, குறுக்கே, இப்படிச் சில நிமிடம். பிள்ளைக்கு நினைவு தப்புவதில்லை. கண் மணி ஓயாமல் ஒரே தாளத்தில் ஆடுகிற மற்றக் கண் கோளாறுகளில் இந்த இடைநிற்பு இராது. ஒரு வயது, இரண்டு வயதுக்குள் இது பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். அதனால் மூன்று வயதில் டொக்டரைப் பார்க்கப் போகும்போது தாய்க்கு அது ஞாபகமே இராது, அல்லது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றாது. கேட்டால்தான் வரும்: "ஓம், சின்னதில் கண்ணை அப்படி இப்படி வெட்டுவான், விளையாட்டு என்று நினைத்தோம்."

அடுத்தது நடை. 57 பேரைப் பரிசோதித்து 2010இல் வெளிவந்த ஆய்வொன்றில் பத்தில் ஒன்பது பேரளவில் நடை பிசகியிருந்தது. சிலருக்கு அகலக் கால் வைத்துத் தள்ளாடும் நடை, சிலருக்குத் தசை விறைத்த நடை, பலருக்கு இரண்டும் கலந்து. கை ஒரு வேலையைச் செய்யப் போகும்போது விரல்கள் முறுகுவது, சாமானை எட்டும்போது நடுங்குவது, சும்மா இருக்கையில் உடம்பு மெல்ல நெளிவது எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. இவை எப்போதும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் கூடும், பின் குறையும்.

மூன்றாவது வகைதான் ஆட்களை மிகவும் ஏமாற்றுவது: வந்து போகிற அசைவு. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறோம் என்று வையுங்கள். கோட்டை வாசலில் இறங்கி, மான்களைப் பார்த்துக்கொண்டு, ஏற்றத்தில் நடக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை முதலில் முன்னால் ஓடும். பத்துப் பதினைந்து நிமிடம் போனதும் ஒரு பாதம் உள்ளே திரும்பத் தொடங்கும், பெருவிரல் மேலே எழும்பும், செருப்பு நிற்காது. இன்னும் கொஞ்சம் நடந்தால் முழங்காலும் விறைத்து, கால் பிள்ளையின் சொல் கேளாமல் முறுகும். உட்கார வைத்தால் சில நிமிடத்தில், சிலருக்கு அரை மணித்தியாலத்தில், சரியாகும். இனிப்பாக எதையாவது கொடுத்தால் இன்னும் கெதியாகச் சரியாகும். ஏற்றம் தொடங்கியதும் வருவதில்லை, நடந்து நடந்துதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். வலிப்பே இல்லாமல் இந்தக் கால் முறுகல் மட்டும் தலைமுறையாக வந்த குடும்பங்கள் ஐரோப்பாவில் இருந்தன. 2008இல் அவர்களைச் சோதித்தபோதும் அதே எஸ்எல்சி2ஏ1 மரபணுதான் பழுதாக இருந்தது.

இவை தவிர, திடீரென்று ஒரு பக்கக் கை கால் சோர்வது, குழப்பமாகக் கதைப்பது, தலையிடியோடு வாந்தி, காரணமில்லாத அசதி என்றும் வரலாம்.

சரி, வலிப்பிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? பொதுவான அடையாளங்கள் உண்டு. கால் முறுகும்போது பிள்ளை உங்களோடு கதைக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும், பிறகு நடந்ததைச் சொல்லும். உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பில் நினைவு போகும், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும், பிறகு நித்திரை. ஆனால் இதே நோயில் உண்மையான வலிப்பும் வரும். அநேகமாக முதல் இரண்டு வயதுக்குள் தொடங்கும். சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் வகை நாலு வயதுக்கு முன்பே வந்தால் அதுவும் இந்த நோயை நினைக்க வைக்கும் குறிப்பு. அப்படி வந்தவர்களில் பத்தில் ஒருவரளவில் குளுட்-1 குறைபாடு என்று பார்த்திருக்கிறார்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி சோதனையை நம்பி இருப்பதும் கஷ்டம். வலிப்பு இல்லாத வேளையில் அது சுத்தமாக இருக்கலாம். வெறும் வயிற்றில் எடுத்தது கோணலாகவும் சாப்பிட்ட பின் எடுத்தது சீராகவும் இருந்தால், அந்த வித்தியாசமே ஒரு விடை.

அதனால் வீட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி கையில் இருக்கும் போனில்தான் இருக்கிறது. முகம், கை, கால் மூன்றும் தெரிகிற மாதிரி முழு உடம்பையும் எடுங்கள்; பிள்ளையோடு கதைத்துக்கொண்டே எடுங்கள், பதில் சொல்கிறதா என்பதும் பதிவாகும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று விஷயம் போதும்: எத்தனை மணிக்கு வந்தது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது. "அடிக்கடி வரும் டொக்டர்" என்பதிலிருந்து ஒன்றும் பிடிக்க முடியாது. "காலை ஆறரைக்கு வரும், சாப்பிட்டால் ஏழரைக்கு இராது" என்பதிலிருந்து நிறையப் பிடிக்கலாம். நம் ஊரில் கந்தசஷ்டி விரதமும் நோன்பும் வருகிற மாதங்களில் பிள்ளையும் சேர்ந்து பட்டினி கிடந்து, அந்த நாட்களில் தள்ளாட்டம் கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உண்மையான வலிப்பு வந்தால் செய்யவேண்டியது வேறு. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, நேரம் பார்க்க வேண்டும். வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதால் எந்த வலிப்பும் நின்றதில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான்.

நோயை உறுதிசெய்யும் சோதனை பழையது, மலிவானது: முதுகில் ஊசி போட்டு முள்ளந்தண்டு நீர் எடுப்பது. இதைக் கேட்டதும் கால் விளங்காமல் போய்விடும் என்று கையெழுத்துப் போட மறுப்பவர்கள் இருக்கிறார்கள். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது. நாலு முதல் ஆறு மணித்தியாலம் பட்டினி இருந்து, ஊசிக்குச் சற்று முன்பே இரத்தமும் எடுக்க வேண்டும். ஊசிக்குப் பின் எடுத்தால் அழுத அழுகையில் இரத்தச் சீனி ஏறி இருக்கும். சாதாரணமாக முள்ளந்தண்டு நீரின் சீனி இரத்தத்தில் உள்ளதில் 60 வீதத்துக்கு மேலே நிற்கும். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலும் 45 வீதத்துக்குக் கீழே. இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராம் இருக்கும்போது முதுகு நீரில் 34 என்று வந்தால் யோசிக்க வேண்டும். மூளைக்காய்ச்சலிலும் இந்தச் சீனி இறங்கும். ஆனால் அங்கே வெள்ளை இரத்தக் கலங்கள் நிறைந்திருக்கும், லக்டேற்று என்ற பொருளின் அளவும் ஏறி இருக்கும். குளுட்-1 குறைபாட்டில் கலங்கள் இரா, லக்டேற்று சாதாரணமாகவோ குறைவாகவோ இருக்கும். பிறகு மரபணுச் சோதனை. அதிலும் ஒன்றும் அகப்படாத சிலர் உண்டு. அவர்களுக்கு இந்த நீரின் கணக்கும் அறிகுறிகளும்தான் ஆதாரம்.

மருந்து விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழந்தைகளின் வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் பீனோபார்பிட்டோனும் சோடியம் வல்ப்ரோயேட்டும் குளுட்-1இன் வேலையை இன்னும் தடுக்கக்கூடியவை என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆகவே நோய் உறுதியானால் வைத்தியர் மாற்று மருந்து தேடுவார். இதை வாசித்துவிட்டு நாளைக்கே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வருகிற வலிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். கஃபீனும் அதே பட்டியலில் இருக்கிறது. நம் வீடுகளில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாய் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்போம், பாணைத் தோய்த்துத் தின்ன. இந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், கோலாவும் வேண்டாம்.

வைத்தியம் என்று நான் சொன்னது சாப்பாடு. கீற்றோ உணவு என்று இப்போது உடம்பு மெலிய விரும்புகிறவர்கள் எல்லாரும் கதைக்கிறார்கள். அது முதலில் வலிப்புக்காக 1920களில் வந்தது. மாச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டினால் ஈரல் கீற்றோன் என்ற பொருளைச் செய்கிறது. அதையும் மூளை எரிக்கும். அதை ஏற்றிச் செல்வது குளுட்-1 இல்லை, வேறொரு புரதம். பழுதாகாத இன்னொரு துறையில் ஓடும் இன்னொரு பாதை. இங்கே தான் இந்த நோய் மற்ற வலிப்புகளிலிருந்து விலகுகிறது: வேறு வலிப்பு நோய்களில் பெரும்பாலும் கீற்றோ உணவு மருந்துகள் பலிக்காத பிறகு முயலும் வழி, இதில் அதுதான் முதல் வழி. வலிப்பு பலருக்கு அநேகமாக நின்றேவிடும். அசைவுகள் அவ்வளவு இலகுவாகப் பணிவதில்லை. குறையும், சிலருக்கு நன்றாகவே குறையும், ஆனால் நடையில் கொஞ்சம் மிஞ்சிவிடுவது வழக்கம். மூளை வளர்கிற வயதில் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

சொல்ல இலகு. செய்வது திருகோணமலைச் சமையலறையில் ஒரு போராட்டம். 4:1 என்று சொல்லும் கடுமையான முறையில் புரதமும் மாச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம்; சக்தியில் 90 வீதம் கொழுப்பிலிருந்து. சோறு இல்லை, புட்டு இல்லை, பாண் இல்லை, கதலி வாழைப்பழம் இல்லை. இருப்பது முட்டை, மீன், கீரை, கட்டித் தேங்காய்ப்பால், எண்ணெய். பாரை மீனைக் கட்டிப்பாலில் சொதியாக வைத்தால் நல்ல தொடக்கம்தான். ஆனால் அதில் போடும் வெங்காயத்தையும் கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும். சளிக்குக் கொடுக்கும் பாணியில் சீனி இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். அயல் வீட்டு மாமி பாசத்தில் கொடுக்கும் ஒரு பயற்றம் பணியாரம் கீற்றோனைக் கீழே தள்ளிவிடும். பெரிய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தளர்த்திய முறைகளும் உண்டு.

தேங்காயெண்ணெய் இரண்டு கரண்டி குடித்தால் போதும் என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். சோற்றையும் சாப்பிட்டு எண்ணெயையும் குடித்தால் வயிற்றோட்டம்தான் மிச்சம். வீட்டில் தன்னிச்சையாகத் தொடங்கவும் கூடாது. கொழுப்பை எரிக்க முடியாத வேறு பிறவிக் கோளாறுகள் சில உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த உணவு உயிராபத்து. அதை முதலில் இரத்தச் சோதனையால் விலக்கிவிட்டு, பெரும்பாலும் வார்ட்டில் வைத்துத் தொடங்கி, விற்றமினும் கல்சியமும் சேர்த்து, சிறுநீரகக் கல் வருகிறதா, வளர்த்தி சரியா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். உணவு தொடங்கிய பிறகு தள்ளாட்டம் வந்தால் பழைய பழக்கத்தில் சீனித் தண்ணீர் கொடுக்கவும் கூடாது. என்ன செய்வது என்பதை வைத்தியரிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள். வேறு காரணத்துக்கு வார்ட்டில் சேர்ந்தாலும் சேலைன் ஏற்றுவதற்கு முன் சொல்லுங்கள், குளுக்கோஸ் கலந்தது ஏறிவிடக் கூடாது. நரம்பியல் நிபுணரைப் பார்க்க இங்கிருந்து பிள்ளைகள் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவதுண்டு. இரவு ரயிலில் போகிற பயணத்துக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், ஸ்ரேசன் வடை சரிவராது.

அசைவும் வலிப்பும் சேர்ந்து வரும் பிள்ளை எல்லாம் குளுட்-1 இல்லை. பீஆர்ஆர்டி2 என்ற மரபணு பழுதானால் கைக்குழந்தை வயதில் வலிப்பு வந்து மறையும். பிறகு பெரிய வகுப்புப் படிக்கும்போது கதிரையிலிருந்து சட்டென்று எழும்பும் கணத்தில் கை கால் முறுகும், ஒரு நிமிடத்துக்குள் போய்விடும், கார்பமாசெப்பின் சிறிய அளவிலேயே அடங்கும். அங்கே தூண்டுவது திடீர்த் தொடக்கம், இங்கே நீண்ட களைப்பு. டிராவே என்ற இன்னொரு மரபணு வலிப்பு நோயில் பதின்ம வயதளவில் முழங்கால் மடிந்த, கூனிய நடை வரும். அது சாப்பாட்டோடு ஏறி இறங்காது.

கடைசியாக, எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி: யாருடைய பக்கத்திலிருந்து வந்தது? பெரும்பாலானவர்களில் யாருடைய பக்கத்திலிருந்தும் இல்லை. பத்தில் ஒன்பது பேரளவில் பழுது அந்தப் பிள்ளையிலேயே புதிதாக உண்டானது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று மச்சானைக் கட்டிய தாயைக் குற்றம் சொல்வது இந்த நோயில் அநேகமாக அநியாயம். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வருகிற வகை இதில் மிக மிக அரிது. ஆனால் பழுது உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுது போய்ச் சேர 50 வீத வாய்ப்பு உண்டு. மெல்லிய அறிகுறியோடு கண்டுபிடிக்கப்படாமலே வளர்ந்த பெற்றோரும் இருக்கிறார்கள். தகப்பன் வாய்திறந்து, "சின்னதில் எனக்கும் தூர நடந்தால் கால் இழுக்கும், ஸ்போர்ட்ஸ் மீட்டில் ஓட விடமாட்டார்கள்" என்று சொன்னால், பிள்ளையின் கொப்பியில் அதையும் எழுதிவிட்டு, அவரையும் சோதிக்க முடியுமா என்று அதே கிளினிக்கில் கேளுங்கள்.